இசை விழாவில் பெயர் தெரியாத குழுக்களைக் கண்டடைவது எப்படி?

முதன்முறையாக ஓர் இசை விழாவுக்குப் போகவிருக்கும் கோலாலம்பூர் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: விழா விளம்பரத்தில் உள்ள பெயர்களில் இரண்டொன்றைத் தவிர மற்றவை தமக்குத் தெரியாதவை, ஆனால் போய் வந்தவர்களோ பெரிய பெயர்களை விட்டுவிட்டு, யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு குழுவைப் பற்றியே வாரக்கணக்கில் பேசுகிறார்கள், அப்படி ஒரு குழு அகப்படுவது வெறும் அதிர்ஷ்டமா, அல்லது அதற்கென்று ஒரு வழி இருக்கிறதா?

அதிர்ஷ்டத்துக்கு அதில் சிறிய பங்குதான் உண்டு. விழாக்கள் நடத்தப்படும் முறையே புதிய குழுக்கள் வெளிப்படுவதற்கு இடம் தருகிறது. அந்த முறையைத் தெரிந்துகொண்டு, எந்த நேரத்தில் எங்கே நிற்பது, எதைக் காது கொடுத்துக் கேட்பது என்று யோசித்து வைத்திருப்பவருக்குப் பெரும்பாலான விழாக்களில் ஒரு குழுவாவது கிடைத்துவிடும். பினாங்கில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக இந்த நாட்டு விழாக்களைப் பின்தொடர்ந்து வருபவன் என்ற முறையில், நான் கண்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். பெயர் பெற்ற ஒரு குழு மேடையேறும்போது நம் காதில் ஏற்கெனவே அவர்களுடைய ஒலிப்பதிவு குடியிருக்கிறது. அந்தப் பாட்டு அதே வேகத்தில், அதே சுருதியில், அதே திருப்பங்களோடு வருகிறதா என்று நம்மை அறியாமலேயே ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். வந்தால் நிறைவு, வராவிட்டால் குறை. பெயர் தெரியாத குழுவுக்கு இந்தச் சுமை கிடையாது. அதே சமயம் அவர்களுக்கு வேறொரு நெருக்கடி உண்டு. பொதுவாக அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோதான் அவர்களுக்கு ஒதுக்கப்படும்; எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அடுத்து வரவிருக்கும் குழுவுக்காகக் காத்திருப்பவர்கள். எனவே தங்களிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்த ஐந்தாறு பாடல்களை மட்டும் பொறுக்கியெடுத்து, ஒரு விநாடியையும் வீணாக்காமல் வாசிக்க வேண்டிய கட்டாயத்தில் அவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் வாசிக்கும் பெரிய குழுவிடம் காண முடியாத செறிவு அந்த அரை மணி நேரத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

விழாக்களின் வரலாற்றைப் புரட்டினாலும் இதையே காண்கிறோம். 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் நடந்த விழாவுக்கு வந்தபோது கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இங்கிலாந்தில் புகழ் பெற்றிருந்தாரே தவிர, சொந்த நாடான அமெரிக்காவில் அவரைப் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒரே இரவில் அந்த நிலை மாறியது. அதே நாள் பிற்பகலில் பண்டிட் ரவிசங்கர் அல்லா ரக்காவின் தபேலாவோடு வாசித்ததைக் கேட்டவர்களில் பலருக்கு அதுவே நேரில் கேட்ட முதல் ராக இசை. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் விழாவில் சான்டானா குழு வாசித்தபோது அவர்களுடைய முதல் இசைத்தட்டு இன்னும் வெளிவந்திருக்கவில்லை. இருபது வயது டிரம்ஸ் கலைஞர் மைக்கேல் ஷ்ரீவின் தனி வாசிப்பு இன்றும் பேசப்படுகிறது. இவர்களில் ஹென்ட்ரிக்ஸ் மட்டுமே இரவில் வாசித்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ரவிசங்கர் வாசித்தது பிற்பகல்; சான்டானா வாசித்ததும் பிற்பகல்.

இவற்றைவிட எனக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு 1985 ஜூலையில் இங்கிலாந்தின் மெர்சி தீவில் வோமாட் என்ற உலக இசை விழாவில் பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடியது. அவர் பாடும் சூஃபி பக்தி இசையான கவ்வாலி என்ற சொல்லையே கேட்டிராத, பாடலின் ஒரு வரிகூடப் புரியாத கூட்டம் அது. கைத்தட்டலும் ஆர்மோனியமும் தபேலாவும், ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி மேலே மேலே ஏற்றிச் செல்லும் அந்தக் குரலும் அவர்களைப் பிடித்து நிறுத்தின. மேற்குலகில் அவர் அடைந்த பெரும்புகழுக்கு அந்த இரவு ஒரு தொடக்கம். மொழி புரியாமை ஒரு தடையே அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கோவில் திருவிழாவில் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சொற்கள் இல்லாமலேயே இசை மனத்தைத் தொடும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது. நம் நாட்டில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். பிற்பகல் மூன்று மணி வெயிலில் திறந்தவெளி மைதானத்தில் நிற்க யாருக்கும் மனம் வராது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் கோலாலம்பூரில் நாலு மணிக்கு மேல் இடியோடு மழையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நம்மவர்கள் ஏழு மணிக்கு மேல் வந்து சேர்கிறார்கள்; அதற்குள் விழாவின் பாதி முடிந்திருக்கும். தொப்பி, மழைக்கோட்டு, குடிதண்ணீர், காலில் சேறு படிந்தால் கவலைப்படாத செருப்பு ஆகியவற்றோடு முன்கூட்டியே போய்விடுங்கள். கூட்டம் இல்லாத பிற்பகலில் மேடைக்குப் பத்தடி தூரத்தில் நிற்கலாம். கலைஞரின் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். இரவில் எந்தப் பணம் கொடுத்தாலும் அந்த இடம் கிடைக்காது.

இரண்டாவது, முதல் பாட்டைக் கேட்டு முடிவு கட்டாமல் இருப்பது. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. ஒரே மேடையில் பல குழுக்கள் வாசிக்கும் நாட்களில் ஒலிச் சோதனையைப் பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் நடத்துவார்கள்: கடைசியில் வாசிக்கும் பெரிய குழு காலையிலேயே நிதானமாகச் சோதித்துவிட்டுப் போய்விடும், முதலில் வாசிக்க வேண்டிய சிறிய குழுவுக்குக் கதவு திறப்பதற்குச் சற்று முன்னால் மிஞ்சிய நேரம் கிடைக்கும். இடையில் வரும் குழுக்களுக்கோ அதுவும் இல்லாமல், மைக்கும் கம்பியும் வேலை செய்கின்றனவா என்று தட்டிப் பார்ப்பதோடு சரி. இதனால் முதல் பாட்டில் பாடகரின் குரல் கேட்காது, அல்லது பேஸ் கிட்டார் எல்லாவற்றையும் மூடிவிடும். ஒலிப் பொறியாளர் பாட்டு நடக்கும்போதே ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வருவார். இரண்டாம் பாட்டின் நடுவிலோ மூன்றாம் பாட்டிலோதான் குழுவின் உண்மையான ஒலி வெளியே வரும். முதல் பாட்டோடு நகர்ந்துவிடுபவர் கேட்டது குழுவை அல்ல, சரிசெய்யப்படாத ஒலிபெருக்கியைத்தான். மூன்று பாட்டு வரைக்கும் நில்லுங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

நிற்கும் இடமும் முக்கியம். மேடையை ஒட்டி நின்றால் கலைஞர்களைப் பார்க்கலாம். ஆனால் முழு ஒலியும் சமநிலையோடு சேர்ந்து வரும் இடம், மைதானத்தின் நடுவே ஒலிப் பொறியாளர் உட்கார்ந்திருக்கும் மேசையின் பக்கம்தான். அவர் அங்கே கேட்பதை வைத்துத்தானே எல்லாவற்றையும் அமைக்கிறார்! காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்பதே பாதுகாப்பின் எல்லை என்றும், மூன்று டெசிபெல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி 100 டெசிபெலில் பதினைந்து நிமிடம்தான். காதடைப்பான் இல்லாமல் மாலை முழுவதும் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றவருக்கு, இரவு ஒன்பது மணிக்கு நல்ல குழு வந்தாலும் அதன் நுட்பங்கள் காதில் ஏறாது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தமிழர்களாகிய நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் தாள அறிவையும் ராக அறிவையும் இத்தகைய விழாக்களுக்குக் கொண்டுபோனால், மற்றவர்களுக்குப் புரியாத குழுக்கள்கூட நமக்கு எளிதில் திறந்துகொள்ளும். பால்கன் நாடுகளிலிருந்து ஒரு குழு வந்து, தூபாவும் கிளாரினெட்டும் முழங்க ஏதோ தடுக்கி விழுவதுபோல் ஒரு நடையில் வாசிக்கும். ஆடத் தெரியாமல் கூட்டம் திகைக்கும். கையில் தாளம் போட்டுப் பாருங்கள். மாசிடோனியாவின் லெஸ்னோட்டோ ஆட்ட இசை மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு எண்ணிக்கையில் போகிறது. அது நம் மிஸ்ர சாபு தாளமேதான். பல்கேரியாவின் ராசெனிட்சா அதையே இரண்டு, இரண்டு, மூன்று என்று திருப்பிப் போடுகிறது. சியாமா சாஸ்திரிகளின் கீர்த்தனைகளைக் கேட்டவர்கள் அதை விலோம சாபு என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வேகம் மட்டும் பல மடங்கு கூடியிருக்கும். ஒருமுறை கை அதைப் பிடித்துக்கொண்டால், அந்தக் குழு எங்கே வேண்டுமென்றே தாளத்தோடு விளையாடுகிறது, எங்கே இடம் எடுத்துத் திரும்பிச் சேருகிறது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

சுரங்களிலும் அப்படித்தான். சகாராவின் துவாரெக் மக்களின் கிட்டார் இசையை உலகுக்குக் கொண்டுவந்த தினாரிவென் குழு, 2001 ஜனவரியில் மாலி நாட்டுப் பாலைவனத்தில் நடந்த ஒரு விழாவின் வழியாகத்தான் வெளியுலகக் காதுகளை எட்டியது. அவர்களுடைய பல பாடல்கள் நிற்கும் ஐந்து சுரங்களை ஆரோகண அவரோகணமாகப் பாடிப் பார்த்தால் சுத்த தன்யாசி ராகத்தின் சாயல் தெரியும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்கும் அதே ஐந்து சுரங்கள்தான் அடித்தளம். கமகம் வேறு, உச்சரிப்பு வேறு, ஆனால் வீட்டின் அமைப்பு தெரிந்ததுதான். ரஷ்யாவின் துவா பகுதியைச் சேர்ந்த பாடகர் ஒருவர் ஒரே தொண்டையிலிருந்து அடியில் ஒரு முழக்கத்தையும் மேலே குழல் போன்ற ஒரு மெல்லிய சுரத்தையும் ஒருசேர எழுப்பும்போது, பலரும் அதை வித்தை என்றே நினைக்கிறார்கள். தம்பூராவைச் செம்மையாகச் சுருதி சேர்த்தால் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழுந்து கேட்குமல்லவா? சுயம்பு காந்தாரம் என்று நம் வித்துவான்கள் சொல்லும் அந்த மேற்சுரம் எந்த இயற்கை விதியால் பிறக்கிறதோ, அதே விதியால்தான் துவா பாடகரும் வாயின் வடிவத்தை மாற்றி, அடிச்சுரத்துக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் மேற்சுரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்.

நம் நாட்டிலேயே இருக்கும் சாப்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். சரவாக்கின் ஒராங் உலு மக்களுடைய இந்த வாத்தியம் ஒரே மரக்கட்டையிலிருந்து படகு போலச் செதுக்கப்பட்டு, பின்பக்கம் குடையப்பட்டிருக்கும். ஒரு தந்தியில் மெட்டு ஓடும். மற்றவை சுருதி போல ஒலித்துக்கொண்டே இருக்கும். மெட்டுகள் பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நடப்பதால், முதன்முறை கேட்கும் தமிழருக்கு மோகன ராகத்தின் நினைவு வராமல் போகாது. ஒராங் உலு மக்களில் ஒரு பிரிவான கென்யா (Kenyah) இனத்தைச் சேர்ந்த மேத்யூ ஙாவ் ஜாவ் போன்ற மூத்த கலைஞர்கள் இதைக் காப்பாற்றிக் கொடுக்க, முற்காலத்தில் பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த அதே வாத்தியத்தை அவருடைய மாணவியான அலினா முராங் உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். கூச்சிங்கின் அட் ஆடாவ் குழு சாப்பேயோடு பல நாட்டுத் தாள வாத்தியங்களைச் சேர்த்து, நின்ற இடத்தில் நிற்க விடாத ஓர் இசையைத் தருகிறது. மேற்கு மலேசியாவில் வாழும் நம்மில் எத்தனை பேர் இதை நேரில் கேட்டிருக்கிறோம்?

இதற்காகவே, வசதியுள்ளவர்கள் ஒரு முறையாவது கூச்சிங்குக்குப் போய், சந்துபோங் மலையடிவாரத்தில் 1998 முதல் நடந்துவரும் மழைக்காடு உலக இசை விழாவைக் கேட்க வேண்டும் என்பேன். அங்கே இரவு மேடையைவிடப் பகல் பட்டறைகளே பெரிய கொடை. சரவாக் மக்களின் மரபான நீண்ட வீடுகளின் பலகைத் தரையில் கேட்பவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, வெவ்வேறு நாட்டுக் குழுக்களிலிருந்து தந்தி வாத்தியக்காரர்கள் மட்டும், அல்லது தோற்கருவிக்காரர்கள் மட்டும், ஒன்றாக வந்து அமர்வார்கள். முதலில் ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தைக் காட்டி, எப்படிச் செய்யப்பட்டது, எப்படிப் பிடிப்பது என்று விளக்குவார்கள். பிறகு யாரோ ஒருவர் ஒரு சிறிய தாளத்தைத் தொடங்க, மற்றவர் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொள்வார். ஒத்திகை இல்லை, பொதுமொழியும் இல்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு, தலையசைவிலேயே யார் எடுப்பது, யார் விடுவது என்று தீர்மானித்துக்கொள்வார்கள். தன் வாய்ப்புக்காகக் காத்திருக்கும்போது பக்கத்திலிருப்பவரின் வாசிப்பை ஒருவர் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார் என்பதைப் பாருங்கள். அன்றிரவு யாருடைய குழுவை முன்வரிசையில் நின்று கேட்க வேண்டும் என்பதை நான் அதை வைத்துத்தான் முடிவு செய்வேன். அது என்னை ஏமாற்றியதில்லை.

பதிவில் அடங்காத இசையையும் விழாவில்தான் தேட வேண்டும். 1988இல் ஜொகூர் பாருவில் பிறந்த இருபத்துநான்கு பருவ முரசுகள் அதற்குத் தக்க சான்று. சீன நாட்காட்டியின் இருபத்துநான்கு பருவங்களின் பெயர்களை முரசுக்கு ஒன்றாக எழுதி, இளைஞர்கள் வரிசையாக நின்று அடிக்கும் இந்தக் கலை முழுக்க முழுக்க மலேசிய மண்ணில் உருவானது. கைப்பேசியில் கேட்டால் வெறும் இரைச்சல். நேரில் நின்றால் அடி நெஞ்சுக்கூட்டில் விழும். 1997இல் தொடங்கிய ஹேண்ட்ஸ் பெர்க்கஷன் குழு இந்த முரசுகளோடு கமேலான் என்ற வெண்கல வாத்தியக் கூட்டத்தையும் சேர்த்துப் புதிய இசையை ஆக்கியிருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ காவடிக்குப் பின்னால் உறுமி மேளத்தோடு நடந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எந்தக் குழு நன்றாக அடிக்கிறதோ அதன் பின்னால் கூட்டம் தானே சேருவதை நாம் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறோம். பெயரைக் கேட்டு யாரும் சேருவதில்லை.

பினாங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004இல் தொடங்கி ஒரு பத்தாண்டுக்கும் மேலாகப் பத்து பெரிங்கி கடற்கரையில் நடந்த பினாங்குத் தீவு ஜாஸ் விழா, எங்களில் பலருக்கு இப்படிக் கேட்கப் பழக்கிய பள்ளிக்கூடம். ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுரிமை நகரமான பிறகு 2010 முதல் நடைபெறும் ஜார்ஜ் டவுன் விழாவில், கட்டணமில்லாத நிகழ்ச்சிகளும் பல உண்டு. அதற்கும் முன்பே, 1960களின் பிற்பகுதியில், லோகநாதன், டேவிட் என்ற ஆறுமுகம் சகோதரர்கள் இந்தத் தீவில்தான் அல்லிகேட்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் ஹாங்காங் விடுதிகளில் வாசித்துத் தேறி, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் கொண்டாடப்பட்டார்கள். 2007இல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தவரும் கலங்கினார்கள். புகழ் வருவதற்கு முன்னால் அவர்களை ஏதோ ஒரு சிறிய மேடையில் கேட்டு, இவர்கள் பெரிதாக வருவார்கள் என்று நினைத்த பினாங்குக்காரர்கள் இருந்திருப்பார்கள்; அவர்களை எண்ணி நான் பொறாமைப்படுகிறேன்.

இங்கே என் ஆதங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுத் திரையிசைக் கலைஞர்கள் புக்கிட் ஜாலிலுக்கு வந்தால் அரங்கை நிறைக்கும் நாம், சொந்தப் பாடல்களை இயற்றி வாசிக்கும் உள்ளூர்த் தமிழ்க் குழுக்களுக்கு அதில் நூறில் ஒரு பங்கு கூட்டத்தைக்கூடச் சேர்ப்பதில்லை. 1990களில் பொயட்டிக் எம்மோ குழு தமிழையும் மலாயையும் ஆங்கிலத்தையும் கன்டோனீஸையும் கலந்து ராப் பாடியபோதும், 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வெளிவந்தபோதும், அந்த ஓசை இந்த நாட்டுத் தெருக்களிலிருந்து எழுந்தது. பிறகுதான் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனது. அத்தகைய அடுத்த குழு இப்போது எங்கோ ஒரு சிறு மேடையில் பிற்பகல் நேரத்தில் வாசித்துக்கொண்டிருக்கலாம். சிறு குழுக்களின் நிலை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2023 ஜூலையில் பார்த்தோம்: சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் விழாவில் ஒரு பிரிட்டிஷ் குழுவின் நடத்தையால் எஞ்சிய இரண்டு நாட்களும் ரத்து செய்யப்பட்டன, எந்தத் தவறும் செய்யாத உள்ளூர்க் கலைஞர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த மேடையை இழந்தார்கள்.

ஒரு குழு பிடித்துப்போனால் அடுத்துச் செய்ய வேண்டியதை அங்கேயே செய்துவிடுங்கள். ஷசாம் போன்ற செயலிகள் பதிவான பாடல்களைத்தான் அடையாளம் காணும். மேடையில் வாசிக்கும் புதிய பாட்டு அதில் அகப்படாது. அறிவிப்பாளர் பெயரைச் சொல்லும்போதே எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்த கலைஞர்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தங்கள் விற்பனை மேசைக்கு வந்து நிற்பார்கள். குறுந்தட்டு ஒன்றோ சட்டை ஒன்றோ வாங்குங்கள். பாட்டை இணையத்தில் கேட்பதால் அவர்கள் கைக்கு வருவது சில காசுகள், மேசையில் நீங்கள் கொடுக்கும் ரிங்கிட்டோ பயணச் செலவுக்கு உதவும். எந்தப் பாட்டு பிடித்தது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுத்து எங்கே வாசிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். உள்ளூர்க் குழுவானால் அடுத்த மாதமே கோலாலம்பூரில் ஜாலான் மெசுயியின் நோ பிளாக் டை போன்ற சிறிய அரங்கு ஒன்றில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, ஒழுங்கான ஒலிச் சோதனையோடு அவர்களைக் கேட்கும் வாய்ப்பு அமையலாம். இடங்கள் குறைவாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது.